மண்டையோட்டு முகத்துக்கு எந்த வெள்ளை? மூன்று டப்பாக்களும் ஒரு ஹாலோவீன் ராத்திரியும்

அக்டோபர் 31 மாலை ஏழு மணிக்குக் கண்ணாடியில் அசல் மண்டையோடாகத் தெரிந்த முகம், ஒன்பது மணிக்கு மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. ஹாலோவீன் பார்ட்டிகளில் வருஷா வருஷம் நடக்கும் கூத்து இது. வரையத் தெரியாததால் இப்படி ஆவதில்லை. பல்லும் மூக்கும் கொஞ்சம் கோணினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. செத்தவன் முகத்தில் லட்சணம் பார்ப்பவர் யார்? காலை வாருவது அடியில் பூசிய வெள்ளை. கறுப்பைக் கையிலிருக்கும் ஐலைனரை வைத்துக்கூட ஒப்பேற்றிவிடலாம். வெள்ளையில் அந்த வித்தை பலிக்காது.

அதனால் இங்கே மூன்று வெள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஸ்னாஸரூ, மெஹ்ரான் கம்பெனியின் பாரடைஸ் ஏக்யூ, பென் நை கிளவுன் ஒயிட். அளவுகோல் ஒன்றே: பெரியவர் ஒருவரின் முழு முகம், எளிய மண்டையோடு, சாப்பாடும் ஆட்டமும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம்.

வாங்கக் கூடாததை முதலில் சொல்லிவிடலாம். அக்டோபர் பிறந்ததும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டுகளில் அட்டையில் ஒட்டிய மேக்கப் கிட் தொங்க ஆரம்பித்துவிடும். நான்கு வண்ணம், ஒரு கடற்பஞ்சுத் துண்டு, பல் குத்தும் குச்சி கனத்தில் ஒரு பிரஷ். இவற்றில் மெழுகு அதிகம், நிறமி கொஞ்சம். வெள்ளை ஏறவில்லையே என்று தேய்க்கத் தேய்க்க, தோல் சிவக்கும், பூச்சு திப்பி திப்பியாகச் சுருளும். ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு என்று தனித்தனியாக நல்ல டப்பா வாங்குவதே மேல். அடுத்த வருஷத்துக்கும் வரும்.

ஸ்னாஸரூ இங்கிலாந்துச் சரக்கு. குழந்தைகள் முகத்தில் புலியும் பட்டாம்பூச்சியும் வரைந்தே பெயர் வாங்கியது. 18 மில்லி டப்பா, தண்ணீர் தொட்டுப் பூச வேண்டியது, சோப்பு போட்டால் போய்விடும். அந்தச் சுலபம்தான் இதன் பலவீனமும். வெள்ளை மெல்லியது, மாநிறத் தோலில் இரண்டு பூச்சுக்குப் பிறகும் அடியில் தோல் நிழலாடும். மூன்றாவது பூச்சு போட்டால் கனம் கூடி, சிரித்தவுடன் வாயோரத்தில் பொருக்கு விடும். பாதி முகம் மட்டும் எலும்பாக வேண்டும், அல்லது கழுத்தில் நாலு கோடு போதும் என்பவர்களுக்கு இது தாராளம். முழு முகத்துக்குப் போதாது.

மெஹ்ரான் 1927 முதல் நியூயார்க்கில் நாடகக்காரர்களுக்கு மேக்கப் செய்து கொடுக்கும் கம்பெனி. பாரடைஸ் ஏக்யூவும் தண்ணீர் தொட்டுப் பூசுவதுதான். பெரிய டப்பா 40 கிராம். கிளிசரின் கலந்த வகை என்பதால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறும், உலர்ந்த பிறகும் தோலோடு சேர்ந்து வளையும். இரண்டே மெல்லிய பூச்சில் மாநிறம் மறைந்துவிடும். குறை என்ன? முழுசாகக் காயாது. கன்னத்தில் கை வைத்தால் கையில் கொஞ்சம் ஒட்டும்; வியர்த்தால் மூக்குக்குக் கீழே முதலில் கரையும். இதன் மேல் கறுப்புக் கோடு இழுக்கும்போது பிரஷ் சொட்டச் சொட்ட இருந்தால் அடியிலிருக்கும் வெள்ளை கிளம்பி, கறுப்பு சாம்பலாகிவிடும். ஐந்து நிமிஷம் காயவிட்டு, பிரஷை டிஷ்யூவில் ஒற்றி, ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே திரும்பப் போகக் கூடாது. கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

பென் நை, ஹாலிவுட்டில் மேக்கப் துறைத் தலைவராக இருந்தவர் தன் பெயரிலேயே தொடங்கிய கம்பெனி. கிளவுன் ஒயிட் பெயருக்கேற்றபடி கோமாளிகளின் வெள்ளை: எண்ணெய்ப் பசையுள்ள கிரீம். ஒரே பூச்சில் எந்த நிறத் தோலும் மறைந்துவிடும், தண்ணீர் பட்டாலும் அசையாது. ஆனால் பவுடர் போடாத வரை இது காயவே காயாது. ராத்திரி முழுக்க ஈரப் பெயின்ட் மாதிரி எதிரே வருகிறவர் சட்டையிலெல்லாம் ஈஷிக்கொண்டே போகும். அளவும் முக்கியம். நெற்றிக்கு ஒரு பட்டாணி, கன்னத்துக்கு ஒவ்வொன்று, தாடைக்கு ஒன்று, மூக்கின் பக்கவாட்டுக்கு அரைப் பட்டாணி. இதற்கு மேல் போனால் நெற்றிச் சுருக்கத்தில் சேர்ந்து வரி வரியாக வெடிக்கும். விரலால் பரப்பிவிட்டு, விரல் நுனியால் தட்டித் தட்டிச் சமன் செய்ய வேண்டும். தேய்த்த தடம் அப்போதுதான் மறையும்.

பவுடர் போடுவதற்கு சர்க்கஸ் கோமாளிகளிடம் பழைய முறை ஒன்று இருக்கிறது. சுத்தமான வெள்ளைக் காலுறைக்குள் இரண்டு கைப்பிடி வெள்ளைப் பவுடரைப் போட்டு முடிச்சுப் போடுவார்கள். அந்தப் பொட்டலத்தால் முகம் முழுக்க மெல்ல ஒத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மூச்சை அடக்கி, கண்ணை மூடிக்கொண்டால் போதும். முகம் மாவில் புரட்டிய மாதிரி ஆனதும் இரண்டு நிமிஷம் விட்டு, மெத்தென்ற பெரிய பிரஷால் உபரியைத் தட்டிவிடவும். கடைசியில் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை எட்ட வைத்து ஒருமுறை தூவினால் மாவுத்தன்மை அடங்கி வெள்ளை பளிச்சென்று எழும்பும். கிரீம் மேக்கப் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

தீர்ப்பு இதுதான். ஏசி போட்ட ஹால், வீட்டுக்குள் பார்ட்டி என்றால் மெஹ்ரான். லண்டனில் அக்டோபர் கடைசி மழையில் தெருத்தெருவாக நடக்கப் போகிறீர்கள், அல்லது நடனத் தளத்தை விட்டு இறங்கப் போவதில்லை என்றால் பென் நை. முகப்பரு வரும் தோல்காரர்கள் மழையானாலும் மெஹ்ரான் பக்கமே நிற்பது நல்லது. ஆறு மணி நேரம் எண்ணெய்ப் பூச்சை அந்தத் தோல் பொறுக்காது. எதை வாங்கினாலும் இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவுக்குப் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். மேடை மேக்கப்பை நம் ஊரில் அரிதாரம் என்கிறோம். அந்தச் சொல் குறிப்பது ஆர்செனிக் கலந்த மஞ்சள் கனிமத்தை. விஷத்தைப் பூசிக்கொண்டு ராஜபார்ட் ஆடிய காலம் போய்விட்டது, நாம் மட்டும் ஏன் தோலைப் பணயம் வைக்க வேண்டும்?

மாநிறம், கறுப்புத் தோலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மெல்லிய வெள்ளை அடியிலிருக்கும் கருமையோடு சேர்ந்து நீலம் பாய்ந்த சாம்பலாகத் தெரியும். யூடியூபில் வெளிறிய தோலில் ஒரே பூச்சில் முடிப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுத்த வெள்ளைக்குப் பதிலாக, வெள்ளையோடு துளி மஞ்சளும் அதில் பாதி பழுப்பும் கலந்து பழைய எலும்பின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். சாம்பல் அடிக்காது, எலும்பாகவும் தெரியும். நிஜ எலும்பு ஒன்றும் டிஸ்டெம்பர் வெள்ளையில் இருப்பதில்லை. ரத்தக் காட்டேரி வேஷத்துக்கு வெள்ளையே வேண்டாம். வழக்கமான ஃபவுண்டேஷனைவிட இரண்டு ஷேடு வெளிறியது ஒன்று, கன்னக்குழியில் சாம்பல் கலந்த ஊதா ஐ-ஷேடோ, உதட்டின் நிறத்தை அணைக்கக் கொஞ்சம் கன்சீலர். சோகை பிடித்த முகம் வந்துவிடும். கண்ணடிக் கருவளையத்தை வருஷம் முழுக்க மறைக்கப் பாடுபடுகிறோம். அன்று ஒரு நாள் அதுவே மூலதனம்.

இனி மண்டையோடு. புதுக் கைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சவரத்தை முந்தின நாளே முடித்துவிட வேண்டும். அன்றே செய்தால் எரியும். முகம் கழுவி, லேசான மாய்ஸ்சரைசர் போட்டு, பத்து நிமிஷம் விடவும். தலைமுடியை வாரிக் கட்டிவிடுங்கள். முக்கியமாக, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். மேக்கப் முடித்த பிறகு தலை வழியாக டி-ஷர்ட் மாட்டினால், ஒன்றேகால் மணி நேர உழைப்பு காலருக்குள் போய்விடும்.

புருவம் அடர்த்தியானவர்கள், குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகும் கழுவினால் போகிற பசைக்குச்சியால் முடியை மேல்நோக்கிப் படிய வைக்கலாம். மெல்லியதாக மூன்று முறை. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. மேலே பவுடர். இரண்டாவது காயும் முன்பே மூன்றாவதைப் பூசினால் புருவம் கொத்துக் கொத்தாக எழுந்து நிற்கும். சலிப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்: கண்குழியின் கறுப்பைப் புருவத்துக்கு மேல் வரை கொண்டுபோனால் புருவம் தானாக அதில் மறைந்துவிடும்.

கண்ணைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே புருவ எலும்பு, கீழே கன்ன எலும்பின் விளிம்பு, இரண்டும் தட்டுப்படும். அந்த எல்லையில் பழுப்புப் பென்சிலால் லேசாக வட்டம். கச்சிதமான வட்டம் வேண்டாம்; வெளி ஓரம் சற்றே கீழே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் பாண்டா கரடிதான். மூக்கின் நுனியில் தலைகீழான இதயம், மேல்முனை மூக்குத் தண்டின் பாதியில் முடியட்டும். கன்னத்தை உள்ளே இழுத்தால் விழும் பள்ளத்தை, காதிலிருந்து தொடங்கி கண்ணின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே வரும்வரை குறித்துக்கொள்ளுங்கள். வாய் வரை கொண்டுபோனால் முகம் குரங்காகிவிடும்.

இப்போது வெள்ளை. கறுப்பு வர வேண்டிய இடங்களைக் காலியாக விட்டுப் பூசுவதுதான் இதில் பாதி வெற்றி. மெல்லிய கோடு தவிர, வெள்ளைக்கு மேல் கறுப்பை ஏற்றினால் இரண்டும் கலந்து சிமென்ட் நிறம் வரும், எந்தக் கம்பெனி டப்பாவானாலும் சரி. தண்ணீர்ப் பெயின்ட் என்றால் ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, டப்பாவில் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். கெட்டித் தயிர்ப் பதம் வர வேண்டும். நுரை கட்டினால் தண்ணீர் அதிகம், வரி வரியாக இழுத்தால் போதவில்லை. முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவதைத் தட்டித் தட்டி ஏற்றுங்கள். தேய்த்தால் முதல் பூச்சு கையோடு வந்துவிடும். கண் இமையிலும் வாயோரத்திலும் ஒரு பூச்சே போதும். அதிகம் அசைகிற இடம் அதிகம் வெடிக்கும்.

கறுப்புக்குப் பதம் வேறு: மை மாதிரி ஓட வேண்டும். கண்குழியையும் மூக்கையும் நிரப்பிவிட்டு, ஓரங்களில் கறுப்பு ஐ-ஷேடோவைச் சின்ன பிரஷால் வெளிப்பக்கமாக ஊதுகிற மாதிரி தேய்த்துவிடுங்கள். பள்ளம் என்ற மயக்கம் அதில்தான் பிறக்கிறது. வெட்டினாற்போல் நிற்கும் விளிம்பு முகமூடியைத்தான் நினைவூட்டும். கன்னத்துக்குக் கறுப்பு வேண்டாம், பழுப்பும் சாம்பலும் கலந்த ஐ-ஷேடோ போதும். பற்களுக்கு உதட்டின் நடுவிலிருந்து மேலும் கீழும் கோடு. முன் இரண்டு பற்கள் அகலம், ஓரம் போகப் போக ஒல்லி. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்ன முக்கோணம் வைத்தால் ஈறு வற்றிய தோற்றம் வரும். உதட்டுக்கு மேல் விழும் கோடுகளை மட்டும் தண்ணீர்ப் பெயின்டால் போடாதீர்கள். முதல் சமோசாவிலேயே போய்விடும். காய்ந்தால் அசையாத கறுப்பு மேட் லிக்விட் லிப்ஸ்டிக்கை மெல்லிய பிரஷில் தொட்டு இழுத்தால் கடைசி வரை நிற்கும். ஸ்ட்ரா ஒன்று பையில் இருக்கட்டும்.

சர்க்கரை மண்டையோடு என்று பூவும் புள்ளியுமாக வரைவார்களே, அது ஹாலோவீனைச் சேர்ந்ததல்ல. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் நாட்களுக்கு உரியது. நம் வீட்டுப் படையலை ஒருவர் பார்ட்டி வேஷமாக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்தால், வெறும் எலும்போடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும்.

மேலே தெளிக்கும் சீலர் ஸ்ப்ரே விஷயத்தில் பென் நை ஃபைனல் சீல் பெயர் பெற்றது. புதினா வாசனையோடு சுரீரென்று இருக்கும், பிடிப்பு பலமானது. 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு, எக்ஸ் வடிவில் ஒருமுறை, டி வடிவில் ஒருமுறை. பிறகு முப்பது எண்ணும்வரை கண் திறக்கக் கூடாது. கிட்டப் பிடித்தால் தண்ணீர்ப் பெயின்ட் துளித் துளியாகக் கரைந்து, அம்மைத் தழும்பு போட்ட மண்டையோடாகும். தோல் வறண்டவர்களுக்கும் அப்போதுதான் சவரம் செய்தவர்களுக்கும் இது எரியும். சாதாரண செட்டிங் ஸ்ப்ரேயே அவர்களுக்குப் போதும்.

ரத்தம் இரண்டு வகை. வழிந்தோடுவது ஒன்று, உறைந்து கறுத்தது மற்றொன்று. வெட்டுக் காயத்துக்குள் உறைந்ததை வைத்து, அதன் கீழ் விளிம்பிலிருந்து வழிவதை ஒரே ஒரு சொட்டு ஓட விட்டால் நிஜம் மாதிரி இருக்கும். ஊற்றினால் தக்காளி சாஸ். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் ஒரு கப் கார்ன் சிரப், இரண்டு டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், ஒரு டேபிள்ஸ்பூன் கோகோ பவுடர், ஒரே ஒரு துளி நீலம். கோகோவைக் கொஞ்சம் சிரப்பில் தனியாகக் குழைத்துச் சேர்க்காவிட்டால் கட்டி தட்டும். இது காயவே காயாது, பிசுபிசுக்கும், துணியில் பட்டால் கறை போகாது. வாடகை உடையில் ஆசைப்படாதீர்கள்.

காயம், தொங்கும் தோல் என்று லிக்விட் லேடெக்ஸ் (திரவ ரப்பர்) பக்கம் போகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. ரப்பர் அலர்ஜி உள்ளவர் தொடவே கூடாது. ரப்பர் கையுறையோ பலூனோ அரித்தால் அதுவே அறிகுறி. புருவம், தாடி, மீசைமுடிப் பக்கம் பூசினால் உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். கிளவுன் ஒயிட் மாதிரி எண்ணெய் கிரீமை அதன் மேல் பூசினால் ரப்பர் இளகி விளிம்பு தூக்கிக்கொள்ளும். அமோனியா நெடி அடிக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வது நல்லது.

இருட்டில் ஒளிரும் பெயின்ட் மேல் பலருக்கு மோகம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஒளிரும் ஜிங்க் சல்ஃபைடு நிறமியை முகப்பூச்சிலும் நகப்பூச்சிலும் ஹாலோவீன் மாதிரி எப்போதாவது வரும் நாட்களுக்கு மட்டும் அனுமதிக்கிறது. எடையில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, கண்ணருகே கூடவே கூடாது. நியான் வண்ண டப்பாக்களின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கைவினைக் கடை மினுக்குத் தூளும் முகத்துக்கு ஆகாது. அதன் கூர்முனை கருவிழியைக் கீறிவிடும்.

வெள்ளை விழி, பூனை விழி லென்ஸ் விஷயத்தில் சமரசமே கிடையாது. அமெரிக்காவில் 2005 முதல் பவர் இல்லாத அலங்கார லென்ஸ்கூட மருத்துவச் சாதனம்தான், மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். தெருவோரக் கடையில் கண்ணை அளந்து பார்க்காமல் தருகிற லென்ஸ் கருவிழியில் கீறலும் தொற்றும் கொண்டுவரும். டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கியதென்றால் மேக்கப்புக்கு முன் போட்டு, மேக்கப்பைக் கலைக்கும் முன் கழற்றிவிடுங்கள். இரவல் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

உடையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: கழுத்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். டொராண்டோக் குளிரில் கோட்டும் மஃப்ளரும் உரசி முதலில் அழிவது அதுதான். தாடை எலும்போடு வெள்ளையை நிறுத்திவிட்டுக் கறுப்பு டர்ட்டில்நெக் போட்டால், தலை தனியாக மிதக்கிற மாதிரி இருக்கும். பெயின்ட் செலவும் மிச்சம். கைக்கும் அப்படியே: வரைந்த எலும்பு முதல் கைகழுவலோடு போய்விடும், எலும்பு அச்சடித்த கையுறை போதும். கறுப்பு நகப்பூச்சுக்கு அடியில் நிறமற்ற பேஸ் கோட் அவசியம், இல்லையென்றால் நகத்தில் மஞ்சள் பாரித்து நிற்கும். கண்ணாடி போடுகிறவர்கள் மூக்கில் அது உட்காரும் இரண்டு புள்ளிகளிலும் பெயின்டே வைக்க வேண்டாம்.

கலைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை, வரிசைதான் முக்கியம். கிரீமுக்குத் தண்ணீர் படும் முன்பே தேங்காய் எண்ணெயோ கிளென்சிங் பாமோ தடவி ஒரு நிமிஷம் ஊறவிட்டு, டிஷ்யூவால் வழித்து, பிறகு சோப்பு. தண்ணீர்ப் பெயின்டுக்கு நேராக சோப்பு நுரை போதும். கறுப்பு இமையோரத்தில் ஒட்டிக்கொண்டால் மட்டும் எண்ணெய். சூனியக்காரிப் பச்சை போட்டவர்கள் முகத்தில் மறுநாளும் லேசாகப் பச்சை பூத்திருக்கலாம். உப்புத் தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்க்காமல், இன்னொரு முறை எண்ணெய் வைத்து ஒற்றி எடுங்கள்.

படுக்கப் போகும் முன் டப்பாவைப் பாருங்கள். ஈரத்தோடு மூடினால் தண்ணீர்ப் பெயின்டில் பூஞ்சை பிடித்துவிடும். மேல்பரப்பை டிஷ்யூவால் துடைத்து, ஒரு ராத்திரி திறந்தபடியே காயவிட்டு, காலையில் மூடி எடுத்து வையுங்கள். ஸ்பாஞ்சைச் சேர்த்து வைக்காதீர்கள், அது குப்பைக்கு.